கூத்தாடி வீட்டுக்கு வழி

மதுரைக்கு எதற்காகப் போகிறீர்கள் என்று விமான நிலைய அதிகாரி சிங்களத்தில் கேட்டார். சொற்கள் சேகரிக்க என்றேன். "உங்களிடம் இருப்பது போதாதா?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார்.

போதாதுதான். எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மேடைச் சொற்களுக்கு ஒரு சிறிய அகராதி தயாரிக்கிறோம். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையில் நான்கு கட்டங்கள்: சொல், அதன் பிறப்பும் பொருளும், கேட்ட வாக்கியமும் இடமும், பேசியவரின் பெயரும் தொழிலும். மூன்றாவது கட்டத்தில் காதால் கேட்ட வாக்கியம் மட்டுமே வரலாம், நாமாக எழுதக்கூடாது என்பது விதி. அந்த விதியை வகுத்தவள் நான். நடிகர்களைக் குறிக்கும் சொற்கள் என் பங்கு. அவற்றில் 'கூத்தாடி' என்ற அட்டையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. என் அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். ஆனால் மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் காப்புக் கட்டிவிட்டால், மற்ற நாட்களில் அவரை "டேய்" என்று கூப்பிடும் கங்காணிகூட "வாங்க" என்பார். கூத்தாடி வீட்டுப் பிள்ளை என்று எனக்கு ஒரு கை சுண்டல் அதிகம் கிடைக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்தப் படிவத்திலும் 'தொழில்' என்ற இடம் வந்தால் 'ஆசிரியை' என்று சற்றுப் பெரிய எழுத்திலேயே எழுதுவேன்.

முதல் நாள் வெயிலிலேயே போய்விட்டது. எங்கள் மலையில் நண்பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டோம். இங்கே கே.கே. நகரில் நான் தங்கிய மாடி அறையில் தரையே அடுப்பாக இருந்தது. வீட்டுக்கார அம்மா எஸ்தர், மிஷன் பள்ளி ஆசிரியை, தெரிந்தவர்கள் மூலம் கிடைத்த அறிமுகம். இரவுச் சாப்பாட்டுக்கு இட்லியும் அதைச் சுற்றி நான்கு நிறத்தில் சட்னியும் வைத்தார். நாங்கள் மிளகாய் இடித்த கட்டச் சம்பல் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வேளையையும் கடத்துகிறவர்கள். எதைத் தொடுவது என்று தெரியாமல் நான்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

வந்த காரியத்தைச் சொன்னபோது மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாடகக்காரங்களையா பாக்கப் போறீங்க? நல்லா விசாரிச்சுட்டுப் போங்க டீச்சர். ஒண்டியா வேற இருக்கீங்க."

படித்தவர்களும் இப்படித்தானா என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொண்டேன்.

மறுநாள் சிம்மக்கல் போவதற்கு எதிர்த்திசைப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே இறங்கச் சொன்னார். திரும்பி வந்து சேரும்போது பதினொரு மணி. மொத்தக் கடைகளின் மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் ஒரு டீக்கடையில் ஆறுமுகம் அண்ணன் காத்திருந்தார். நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர், தொலைபேசியில் மட்டுமே அறிமுகம். டீ வாங்கிக் கொடுத்தார். கொழுந்து பறிக்கிற நாங்கள் மிஞ்சிய தூளை வெறும் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறோம். இவர்கள் அதே தூளைப் பாலில் கொதிக்க வைத்து, நுரை நிற்க ஆற்றிக் குடிக்கிறார்கள். எங்கள் இலைக்கு இப்படி ஒரு ராஜ மரியாதை இருப்பது எனக்குத் தெரியாது.

அண்ணன் ஒரு கற்றை நாடக நோட்டீஸ்களைக் காட்டினார். கோயில் பொங்கலுக்கு ஊர்க்காரர்கள் அடிக்கிற நோட்டீஸ்கள். நடிகர் ஒவ்வொருவருக்கும் வட்டத்துக்குள் ஒரு படம். சித்திரை, வைகாசியில் ஒரு நாள்கூட ஓய்வில்லை என்றார். ஒரு நோட்டீஸை நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அதில் கிரீடமும் கல்மாலையுமாக இருந்தவர்தான் நான் பார்க்க வந்தவர்: 'மதுரை தேன்மொழி'.

"கிரீடத்தைப் பாத்துட்டு ஆளத் தேடாதீங்க. இந்தா வருது பாருங்க" என்றார் அண்ணன்.

வந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, சாயம் போன நூல் சேலை கட்டிய பெண். தோளில் தொங்கிய ரெக்ஸின் பையிலிருந்து நீளமான கரண்டி ஒன்று வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. சாம்பார் கிண்டுகிற பெரிய கரண்டி. குழுவுக்குச் சமையலும் இவர்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். கேட்கத் தோன்றவில்லை.

தேன்மொழி அக்கா சொற்களை அள்ளிக் கொடுத்தார். நாயகன் ராஜபார்ட். நாயகி ஸ்திரீபார்ட். பார்ட் என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போனது. சிரிக்க வைப்பவர் பபூன். அதுவும் அப்படி வந்ததுதான். அட்டைகள் மளமளவென்று நிரம்பின. கடைசியாக 'கூத்தாடி' அட்டையை எடுத்து வைத்தேன். அக்கா அதை வாசித்துவிட்டு டம்ளரை வைத்து மூடினார்.

"இது வேணாம் டீச்சர். நாடக நடிகைன்னு எழுதிக்கங்க."

நான் விடவில்லை. ஆறாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறேன் அல்லவா. குதிப்பதிலிருந்து கூத்து என்ற சொல் வந்தது என்பார்கள், கூத்து ஆடுகிறவர் கூத்தாடி, அவ்வளவுதான், இதில் இழிவு எங்கே இருக்கிறது என்று விளக்கினேன். அந்தக் காலத்தில் கூத்தருக்கு மன்னர்களே எழுந்து வந்து பரிசு கொடுத்தார்கள் என்றேன். நடிகர் என்ற சொல்லைவிட இது நம் மண்ணோடு ஒட்டியது என்றேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க படிச்சவக. உங்க வாயில அது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "வீட்டுக்கெல்லாம் வேணாம். இங்கன வாங்க, நானே வாரேன்" என்றார் அவசரமாக. வீடு சின்னதாக இருக்கும், வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். தோட்டத்து லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேரோடு வளர்ந்தவளிடம் என்ன வெட்கம் என்று உருகவும் செய்தேன்.

மூன்றாம் நாள் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் நாடகம். இரவெல்லாம் நடந்ததில் பாதிக்கு மேல் பாயில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ஆனால் தொடங்குவதற்கு முன் பார்த்தது மறக்கவில்லை. ராஜபார்ட் புதுக்கோட்டைக்காரர். அக்கா அவரை அதற்கு முன் கண்டதே இல்லை. ஒத்திகை என்று ஒன்று இல்லை. ஆளுக்கு ஓர் ஊரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள், முகத்துக்கு அரிதாரம் போடுகிறார்கள், மேடையில் சந்தித்துக் காதலிக்கிறார்கள். எங்கள் ஊரில் காமன் கூத்துக்கு அப்பா வாரக்கணக்கில் பயிற்சி எடுப்பார்.

"மறந்துட்டா என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எதிராளி எதை எடுத்துக் குடுக்கானோ அதைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும். முழிக்கக் கூடாது. முழிச்சா மாட்டுனோம்" என்றார், கண்ணாடியில் புருவத்தை வரைந்தபடி.

விடியும்போது அரசி தேங்காயெண்ணெய் தடவித் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரவு முழுவதும் அவரைக் காதலித்த புதுக்கோட்டைக்காரர், "அக்கா, மொத பஸ்ஸு வந்துருச்சு, வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். அக்கா மறுபடியும் அந்தச் சாயம் போன சேலைக்குள் போனார். கிரீடமும் கல்மாலையும் பைக்குள் அடியில் போயின. அவற்றின் மேல் துண்டு. துண்டின் மேல் கரண்டி. கைப்பிடி வெளியே தெரிகிற மாதிரி இரண்டு தடவை சரிசெய்து வைத்தார். அப்போதும் நான் கேட்கவில்லை.

இனி நான்காம் நாள். எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

அம்மா தன் கையால் பறித்த கொழுந்தில் வீட்டுக்கு என்று வறுத்து வைத்திருந்த தேயிலையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தேன். அதை அக்காவிடம் கொடுக்க வேண்டும். ஆறுமுகம் அண்ணனிடம் விலாசம் கேட்டேன். "கீழக்குயில்குடி போற ரோட்டுல, தண்ணித் தொட்டிக்கு எதுத்த தெரு. போன் பண்ணிட்டுப் போங்க டீச்சர்" என்றார். நாடகம் முடிந்து வந்த மனுஷி தூங்குவாரே, எழுப்ப வேண்டாம் என்று போன் பண்ணவில்லை. அது கரிசனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஷேர் ஆட்டோ சமணர் மலை தெரிகிற இடத்தில் பஞ்சராகி நின்றுவிட்டது. "அரை மணி நேரம் ஆகும்க்கா, நடந்தா பத்து நிமிசம்" என்றார் ஓட்டுநர். பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை. எலுமிச்சை சோடா வாங்கிக் குடித்துவிட்டு, தேன்மொழி வீடு எது என்று கேட்டேன்.

"அப்பிடி யாரும் இந்தத் தெருவுல இல்லையே" என்றார் கடைக்கார அம்மா. பால் வாங்க வந்த இன்னொரு பெண்ணும் இல்லை என்றார்.

நான் கைபேசியை எடுத்து நோட்டீஸ் படத்தைக் காட்டினேன்.

பால் வாங்க வந்தவர் அதை வாங்கி விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். "ஏத்தா, இது நம்ம பாண்டியம்மால்ல? கல்யாண சமையலுக்குப் போற பாண்டியம்மா."

"குடு பாப்போம்" என்று கடைக்கார அம்மா எட்டி வாங்கினார். "அவளேதான். அடி ஆத்தி. இவ கூத்தாடியா?"

அந்த இடத்திலாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆள் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். படம் மங்கல், இவர் வேறு யாரோ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த ஆசிரியை எழுந்து கரும்பலகைக்குப் போய்விட்டாள். கூத்தாடி என்பது வசவு இல்லை என்று ஆரம்பித்தேன். சிம்மக்கல்லில் சொன்ன அத்தனையையும் சொன்னேன். அதற்கு மேலும் ஒன்று சேர்த்தேன்.

"உங்க பெரிய கோயில்ல வெள்ளியம்பலத்துல கால் மாத்தி ஆடுறாரே சாமி, அவருக்கே கூத்தன்னுதாங்க பேரு."

"சாமி ஆடலாம். அவரு என்ன வாடகை வீட்டுல இருந்துக்கிட்டா ஆடுறாரு?" என்றார் பால் வாங்க வந்தவர்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு அவர்களே எனக்கு வழி காட்டினார்கள். மூன்று பெண்கள் கூடவே வந்தார்கள், வீட்டு வாசல் வரைக்கும்.

கதவைத் திறந்தது அக்காவின் மகள். பிளஸ் டூ படிக்கிற பெண், கையில் பேனா இருந்தது. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேரைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி கையில் இன்னும் என் கைபேசி இருந்தது, திரையில் கிரீடம். "அம்மா தூங்குது" என்றாள். தேயிலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தில்தான் கரண்டி எனக்குப் புரிந்தது. மாலையில் புறப்பட்டு விடியலில் திரும்புகிற பெண்ணுக்குத் தெருவிடம் சொல்ல ஒரு தொழில் வேண்டும். கல்யாண சமையல்காரிக்கு அந்த நேரம் பொருந்தும். அந்தக் கைப்பிடி பைக்கு வெளியே தெரிந்தால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் ஆறுமுகம் அண்ணன் போன் செய்தார். வீட்டுக்காரர் சாவியைக் கேட்டுவிட்டாராம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். இது நான்காவது வீடு. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மேடையில் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிடுவார்களாம். இந்த வீட்டில் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். மகளின் பரீட்சை வரைக்கும் ஓட்டிவிட வேண்டும் என்று இருந்திருக்கிறார்.

சிம்மக்கல் டீக்கடைக்கு ஓடினேன். அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அதே பை, அதே கரண்டி.

"மன்னிச்சிருங்கக்கா. எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னுதான் வீட்டுக்கு வராதன்னு சொன்னேன். தெரிஞ்சவளா இருந்தா வான்னுல்ல சொல்லியிருப்பேன்." அதுவரை 'நீங்க' என்று பேசியவர் 'நீ'க்கு இறங்கியிருந்தார். "அம்புட்டு நேரம் கடையில நின்னு பாடம் நடத்துனியாமே. எம் மக சொல்லுச்சு. பள்ளிக்கூடத்துல அதுகூடப் படிக்கிற பிள்ளைக்கே விசயம் போயிருச்சாம்."

பணம் ஏதாவது வேண்டுமா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"காசு இருந்தா வீடு குடுத்துருவாகளா? ஒந் தேயிலை நல்லா இருந்துச்சு. அழுதுக்கிட்டே ரெண்டு டம்ளர் குடிச்சேன். எந்திரி. ஒரு வீடு பாத்து வச்சிருக்கு, ஆத்துக்கு வடக்க. நீயும் வா. டீச்சர் ஒருத்தி கூட நின்னா கொஞ்சம் நம்புவாக."

"நான் என்ன சொல்லணும்?"

"அங்கன போனாத் தெரியும்."

வைகைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மாடுகள் மேய்ந்தன. எங்கள் ஊரில் ஓடைக்குக்கூடச் சத்தம் உண்டு. அக்கா முன்னால் போனார். பை என் தோளில் இருந்தது. கிரீடம் விலாவில் குத்தியது.

அந்த வீட்டின் சொந்தக்கார அம்மா கண்ணாடி போட்டவர், நிதானமானவர். மோர் கொடுத்தார். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"யாரு யாரு இருக்கீக?"

"நானும் மகளும்மா. பிளஸ் டூ படிக்கிது."

"வீட்டுக்காரரு?"

"தவறிட்டாரு."

"என்ன சோலி பாக்குறீக?"

"கல்யாண சமையல்."

அவர் பார்வை என் தோளில் இருந்த கரண்டிக்குப் போய், என் முகத்துக்கு வந்தது. "இவுக?"

அக்கா திரும்பவில்லை. எனக்கு விடப்பட்ட இடம் அது என்று புரிந்தது.

"தங்கச்சிங்க. டீச்சரா இருக்கேன்."

"பேச்சு ஒரு மாதிரி இருக்கே. எந்த ஊருல?"

"சிலோன்லங்க."

இடைவெளியே விடாமல் அக்கா பிடித்துக்கொண்டார். "எங்க சித்தப்பா மக. தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனம். அங்கிட்டே தங்கிப்புட்டாக. லீவுக்கு வந்திருக்கு."

எங்கள் சனம் இந்தப் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்துதான் போனது என்று அப்பா சொல்வார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும், அக்கா சொன்னதில் எவ்வளவு பொய் என்று.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா நினைக்காதீக. போன தடவை ஒருத்தி டெய்லர்னு சொல்லிக்கிட்டு வந்தா. பாத்தா கூத்தாடி. தெருவே சிரிச்சுப் போச்சு. அதான் எம்புட்டு வாடகை குடுத்தாலும் விசாரிக்காம விடுறதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. டீச்சரு பொய் சொல்ல மாட்டாக. அப்பிடி ஆளுக இல்லையே நீங்க?"

எனக்குத் தெரிந்த அத்தனையும் நினைவுக்கு வந்தன. குதிப்பதிலிருந்து வந்த சொல். மன்னர்கள் எழுந்து நின்ற சொல். காப்புக் கட்டிய கையோடு தீப்பந்த வெளிச்சத்தில் அப்பா நிற்பதும் வந்தது. முழிக்கக் கூடாது என்று அக்கா சொன்னதும் வந்தது.

"கூத்தாடி எல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாதுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா சாவியை எடுத்து வர உள்ளே போனார்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் அக்கா பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கரண்டியின் கைப்பிடியைச் சரிசெய்தார். "மொத மேடைக்கு மோசமில்ல" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "நாளைக்குப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போயிட்டுப் போன் பண்ணு. வீட்டுக்கு வரவேணாம்" என்றார்.

ஊருக்கு வந்ததும் அப்பா, அங்கே கூத்தெல்லாம் எப்படி என்று கேட்டார். நன்றாக நடக்கிறது என்றேன். நம்மை மாதிரி ஆட்கள் உண்டா என்றார். உண்டு என்றேன். அதற்கு மேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்கினேன்.

அட்டைகளைக் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. 'கூத்தாடி' அட்டையில் இரண்டு கட்டங்கள் பயணத்துக்கு முன்பே நிரம்பியிருந்தன, அழகான கையெழுத்தில். மூன்றாவது கட்டத்தில் காதால் கேட்ட வாக்கியம் வர வேண்டும். கடைக்கார அம்மா சொன்னதை எழுதலாம், வடகரை வீட்டுக்கார அம்மா சொன்னதையும் எழுதலாம். இரண்டும் உண்மைதான். இரண்டையும் விட்டுவிட்டேன். பிறகு எழுதினேன்.

கேட்ட வாக்கியம்: "கூத்தாடி எல்லாம் எங்க குடும்பத்துலயே கிடையாதுங்கம்மா." கேட்ட இடம்: மதுரை, வைகையின் வடகரை.

பேசியவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று எழுதினேன், இந்த முறை சின்ன எழுத்தில்.